யோகம் ரீச்சர் சொன்ன ஓம்

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். மடித்துக் கட்டிய சாரம், தோளில் ஒரு துவாய், முகமெல்லாம் வியர்வை. நெடுந்தூரம் சைக்கிள் மிதித்து வந்தவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"கொம்பியூட்டர் படிப்பிக்கிற இடம் இதுதானோ?"

"ஓம்."

"மட்டுவில் யோகம் ரீச்சர் இஞ்சை ஏதோ சோதினைக்குப் பேர் குடுத்தவவாம். அவ காலமை மோசம் போட்டா. தங்கச்சிக்காரி சொல்லிப்போட்டு வரச் சொன்னவ. நாளைக்குப் பின்னேரம் எடுக்கினம்."

நான் "சரி" என்றேன். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். அவர் போன பிறகு கரும்பலகையில் எஞ்சியிருந்த நான்கு வரிகளையும் எழுதி முடித்தேன். முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "ஆர் சேர் செத்தது?" என்று கேட்டது. "முந்தி இஞ்சை படிச்ச ஒரு ஆள்" என்றேன். அந்தப் பதிலையும் இந்தக் கட்டுரையில் திருத்த வேண்டியிருக்கிறது.

செல்வி யோகாம்பிகை வைத்திலிங்கம் அவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு வெளிவரும் இந்த நினைவு மலரில் எழுதும்படி அவருடைய தங்கை பாக்கியம் அவர்கள் என்னைக் கேட்டார். கோடு போட்ட கொப்பித் தாளில்தான் மலர் அச்சாகிறது. தாள் கிடையாது, ஆகவே ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள் என்றார் அச்சகத்தார். ஒரு பக்கத்தில் புகழ்ந்துவிட்டுப் போகலாம். நான் எழுத வந்தது வேறு. மேலதிகத் தாளுக்கு என்னிடம் இருந்த எழுதாத கொப்பிகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. இரசாயனவியல் படித்தவன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் இருந்த வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தொண்ணூறில் சண்டையோடு அதுவும் இல்லாமல் போனது. மனைவியையும் மகளையும் மைத்துனர் கனடாவுக்கு எடுப்பித்தார். என்னை எடுப்பிக்க மறந்துவிட்டார். அச்சுவேலியில் ஓர் அறையில் தனியே இருக்கிறேன். எனக்குப் பலர் மேல் கோபம் உண்டு. அவர்கள் எல்லோருடைய பெயர்களையும் எழுத இந்த மலர் போதாது. ரீச்சருக்கும் அது பிடிக்காது.

தொண்ணூற்றிரண்டில் யாழ்ப்பாண நகரில் ஒரு நிறுவனம் கணினி டிப்ளோமா வகுப்பைத் தொடங்கியது. மூன்று கணினிகள். மின்சாரம் இல்லாத ஊரில் மண்ணெண்ணெய் ஊற்றி இயக்கும் ஒரு ஜெனரேற்றர். முதல் நாள் வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் இருபது வயதுக்காரர். நான் கடைசி வாங்கில் போய் இருந்தேன். சிறிது நேரத்தில் குடையை மடக்கியபடி ஒரு பெண்மணி உள்ளே வந்தார். மெலிந்த உடம்பு, வெளிறிய நீலச் சேலை, மூச்சு வாங்கியது. எல்லா வாங்குகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இது ஆம்பிளையளின்ரை வாங்கோ?"

"கிழடுகளின்ரை வாங்கு" என்றேன்.

"அப்ப எனக்குத்தான்" என்று சொல்லி மறு அந்தத்தில் இருந்துகொண்டார்.

அவர் சாவகச்சேரிப் பகுதியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர், வயது நாற்பத்தேழு, என்னைவிட நான்கு வயது மூத்தவர். அன்றே என்னிடமும் விசாரித்தார்.

"நீங்கள் என்ன செய்யிறியள்?"

"சீமெந்துத் தொழிற்சாலையிலை கெமிஸ்டா இருந்தனான்."

"இருந்தனான் எண்டால்?"

"இப்ப தொழிற்சாலையும் இல்லை, நானும் இல்லை."

"நீங்கள் இருக்கிறியள்தானே, சீமெந்தார். வாங்கிலை முக்கால்வாசி நீங்கள்தான் இருக்கிறியள். கொஞ்சம் அங்காலை தள்ளுங்கோ."

அன்று தொடங்கியது அந்தப் பெயர். தொழிற்சாலையில் எனக்கு மேலே இருந்த எவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இலக்கத்தால்தான் கூப்பிட்டார்கள். ரீச்சர் வைத்த பட்டப்பெயருக்கு நான் கோபிக்கவில்லை என்பதை வீட்டுக்குப் போகும் வழியில் கவனித்தேன்.

டிப்ளோமாவின் கடைசிக் கட்டம் ஒரு திட்டம். இருவர் சேர்ந்து கணினிக்கு ஒரு நிரலை எழுதி, பரீட்சகர்களின் முன் ஓட்டிக் காட்டி, வாய்மொழியாக அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதை எல்லோரும் வைவா என்றுதான் சொன்னோம். வைவாவில் தேறிச் சித்தியடைந்த திட்டங்களை மட்டுமே வெளியாருக்குக் கொடுப்போம் என்பது நிறுவனத்தின் விதி. இளையவர்கள் தங்களுக்குள் சோடி சேர்ந்துகொண்டார்கள். எஞ்சியது நாங்கள் இருவரும். "பாட்டா பாட்டி குறூப்" என்று ஒருவன் சொல்ல வகுப்பே சிரித்தது. அவன் பெயர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ரீச்சரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

என்ன திட்டம் செய்வது என்று நான் யோசிக்கத் தொடங்கும்போதே ரீச்சர் முடிவோடு வந்திருந்தார். இரத்தம் கொடுப்பவர்களின் பதிவேடு.

எண்பத்தேழில் அவருடைய தம்பி ஷெல் பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். O வகை இரத்தம் தேவைப்பட்டது. கொடுப்பவர்களின் பெயர்கள் ஒரு கொப்பியில் இருந்தன. வகைப்படி அல்ல, வந்து கொடுத்த திகதிப்படி. கிளாக்கருக்குப் பக்கத்தில் நின்று ரீச்சரே பக்கம் பக்கமாக வாசித்து O வகைக்காரரைத் தேடி எடுத்தார். முதலாவது ஆளின் வீட்டுக்குச் சைக்கிளில் ஓடினார்கள். அவர் கனடா போய்விட்டார். இரண்டாவது ஆள் ஜேர்மனி. மூன்றாவது வீட்டில் பெயரைச் சொன்னவுடன் அழத் தொடங்கினார்கள். நான்காவது ஆள் சாப்பாட்டில் இருந்து கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் பிந்திவிட்டது.

இதை ரீச்சர் ஒரு கணக்கை விளக்குவதுபோல் என்னிடம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "நாலாவது ஆள் முதலாவதா இருந்திருந்தால் காணும், சீமெந்தார். ஒழுங்குதான் பிழை" என்றார்.

எங்கள் நிரல் இரண்டு வேலை செய்ய வேண்டும்: வகையைக் கேட்டால் பெயர்களைத் தர வேண்டும்; ஊரை விட்டுப் போனவர்களை உடனுக்குடன் நீக்க வேண்டும். பெயர்களைச் சேர்க்க ரீச்சர் தென்மராட்சி முழுவதும் சைக்கிளில் திரிந்தார். வலிகாமத்தில் நான் திரிந்தேன். பத்து வருடங்களில் முதன்முறையாக மற்றவர்களின் வீட்டுப் படலைகளைத் தட்டினேன்.

ஒரு விடயத்தில் நாங்கள் சண்டை பிடித்தோம். ஆள் ஊரை விட்டுப் போய்விட்டாரா என்று நிரல் கேட்கும். பதிலுக்கு Y அல்லது N என்று வைப்போம் என்றேன் நான். உலகம் முழுவதும் அப்படித்தான்.

"ஆஸ்பத்திரிக் கிளாக்கரிட்டை ஆள் போட்டாரோ எண்டு கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? யெஸ் எண்டோ?" என்று கேட்டார் ரீச்சர்.

"ஓம் எண்டு சொல்லுவார்."

"அப்ப ஓம் எண்டே இருக்கட்டும். மெஷின் எங்கடை ஊருக்கு வந்தால் எங்களைப்போலைக் கதைக்கட்டும்."

கணினியில் தமிழ் எழுத்து இல்லை. ஆகவே ஓம் என்பதற்கு ஆங்கில O, இல்லை என்பதற்கு I. பதிலின் முதல் எழுத்தை மட்டும் நிரல் பார்க்கும். போகாதவர்களுக்கு ஒன்றும் எழுதாமல் Enter விசையைத் தட்டினாலே போதும்.

ஒரு சோடிக்குக் கிழமைக்கு அரை மணி நேரம்தான் கணினி. மிச்ச நேரம் முழுவதும் தாளில்தான் நிரல் ஓடியது. நிறுவனத்தின் பின்பக்கம் சைக்கிள் விடும் கொட்டில் ஒன்று இருந்தது. சனி, ஞாயிறு காலைகளில் அங்கேதான் எங்கள் ஆயத்தம். ரீச்சர் கொட்டிலின் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் பெட்டி பெட்டியாகக் கீறுவார். ஒவ்வொரு பெட்டியும் நிரலில் வரும் ஓர் எண் அல்லது ஒரு பெயர். நான் தாளில் இருந்து வரி வரியாக வாசிக்க வேண்டும்; அவர் கணினி. ஒரு வரி ஒரு பெட்டியை மாற்றினால் பழையதைக் கையால் அழித்துப் புதியதை எழுதுவார்.

"பேரை வாங்கு" என்று நான் ஒரு வரியை வாசித்தேன்.

ரீச்சர் அசையவில்லை. கண்ணை இமைக்காமல் இருந்தார். ஒரு நிமிடம் போனது.

"என்ன ரீச்சர்?"

"மெஷின் காத்துக்கொண்டு இருக்கு. கிளாக்கர் இன்னும் பேர் தரேல்லை."

"தருவார்தானே! அடுத்த வரிக்குப் போங்கோவன்."

"நான் இப்ப மெஷின். மெஷினுக்கு உங்கடை மனசிலை இருக்கிறது தெரியாது, சீமெந்தார். எழுதினதை வாசியுங்கோ."

எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் அந்தக் கொட்டிலில் நாங்கள் பிடித்த பிழைகள் நாற்பதுக்கு மேல். இளையவர்கள் கணினியின் முன்னால் இருந்து தட்டித் தட்டிப் பார்த்தார்கள். எங்களுக்கு நிரல் மனப்பாடமாகவே இருந்தது.

கடைசி மாதத்தில் வைவாவுக்குப் பழகினோம். நான் பரீட்சகராக இருந்து கேட்பேன், ரீச்சர் எழுந்து நின்று பதில் சொல்வார். பிறகு மாறிக்கொள்வோம்.

"கேள்வி கேக்கேக்கை ஏன் குரலை இப்பிடிக் கரகரப்பாக்கிறியள்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"பரீட்சகர் அப்பிடித்தான் கேப்பார்."

"பாவம் அந்த மனிசன். வீட்டிலை ஆரும் பிளேன்ரீ குடுக்கிறேல்லைப் போலை."

அந்த நாட்களில் சனிக்கிழமை வருவதற்காக நான் வெள்ளிக்கிழமைகளில் சேட்டைத் தோய்த்துக் காயவைத்தேன். வேறு எதற்காகவும் அப்படிச் செய்யவில்லை.

வைவாவுக்கு முந்திய கிழமை எங்கள் கடைசி அரை மணி நேரம் வந்தது. ரீச்சருக்குத் தொய்வு கூடி மூச்சு முட்டியது, வர முடியவில்லை. நான் தனியே கணினியின் முன் இருந்தேன். ஓட்டிப் பார்க்கும்போது ஒன்று தோன்றியது. நிரல் முதலில் ஆளின் இலக்கத்தைக் கேட்கிறது, பிறகு இரத்த வகையைச் சரிபார்க்கக் கேட்கிறது, அதன் பிறகுதான் ஊரை விட்டுப் போய்விட்டாரா என்று கேட்கிறது. போனவரின் இரத்த வகை எதற்கு? அந்தக் கேள்வியை மேலே ஏற்றினால் வேலை சுருங்கும். ஏற்றினேன். என் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். நான் B வகை, சரியாக வேலை செய்தது. மூன்று வரிகள்தான் இடம் மாறின.

எங்களிடம் இருந்த தாளில் அதைக் குறிக்கவில்லை. நேரம் காணாமல் போய்விட்டது என்று பிறகு சொன்னேன். அது பொய். வைவா அன்று நிரல் ஓடும்போது ரீச்சர் அதைக் கண்டு, "சீமெந்தார், இது நல்லாயிருக்கு" என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகவே மறைத்தேன். இந்த மாற்றத்தைப் பற்றித் தெரியாமல், பழைய ஒழுங்கின்படியே ரீச்சர் வீட்டில் இருந்து கிளாக்கருக்கான கையேட்டை எழுதி முடித்தார்.

வைவா அன்று வெளியில் இருந்து வந்த பரீட்சகர் ஒருவரும் நிறுவனப் பொறுப்பாளரும் இருந்தார்கள். எங்கள் பதில்கள் நன்றாகவே போயின. பிறகு பரீட்சகர், எழுதினவர்கள் ஓட்டினால் எல்லாம் ஓடும், வேறு ஆள் ஓட்டட்டும் என்று சொல்லி அலுவலகத்தில் தட்டச்சுச் செய்யும் பெண்ணைக் கூப்பிட்டார். ரீச்சரின் கையேட்டையும், நாங்கள் ஆட்களின் பெயர்களைச் சேர்த்த கொப்பியையும் கொடுத்தார். அந்தப் பெண் கெட்டிக்காரி. திரையைப் பார்க்காமல் கொப்பியைப் பார்த்தே அடித்தாள். இலக்கம், இரத்த வகை, விசை. இலக்கம், இரத்த வகை, விசை. கொப்பியின் முதல் பக்கம் O வகைக்காரருடையது. பதினெட்டுப் பேர்.

கணினி கேட்டது, ஊரை விட்டுப் போய்விட்டாரா என்று. இரத்த வகை என்று நினைத்து அவள் அடித்தது O. கணினிக்கு அது ஓம்.

"சரி, O குறூப்பிலை இருக்கிற ஆக்களைக் காட்டும்" என்றார் பரீட்சகர். திரையில் ஒருவரும் இல்லை.

"என்ன இது? O குறூப் ஆக்கள் முழுப்பேரும் கனடாவுக்குப் போட்டினமோ?"

பொறுப்பாளர் சிரித்தார். பரீட்சகர் எங்கள் நிரலைத் திரையில் மேலும் கீழும் ஓட்டினார். ரீச்சரும் திரையைப் பார்த்தார். ஒவ்வொரு வரியையும் தரையில் எழுதி அழித்துப் பழகியவர் அவர். கேள்வி இடம் மாறியிருப்பதை அவர் கண்ட கணத்தை நான் கண்டேன்.

"ஓம், இல்லை எண்டு இதை வைச்சது ஆர்?" என்று பரீட்சகர் கேட்டார்.

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "ரீச்சர்தான். Y, N எண்டு வைப்பம் எண்டு நான் சொன்னனான்."

இரண்டு வசனங்களும் உண்மை. படித்தவன் பொய் சொல்லும் விதம் அதுதான். சித்தியடைகிறவர்களில் ஒருவரை அங்கேயே பயிற்றுநராக எடுக்கப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலை இல்லாவிட்டால் எனக்கு அச்சுவேலி அறையின் நான்கு சுவர்களைத் தவிர வேறொன்றும் இல்லை. ரீச்சருக்கு வேலை இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது அந்தப் பதிவேடு ஆஸ்பத்திரிக்குப் போவது மட்டும்தான். அந்த ஒன்றைத்தான் நான் எடுத்தேன்.

ரீச்சர் திரையில் இருந்து கண்ணை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. பரீட்சகரைப் பார்த்தார்.

"ஓம் சேர். ஓம் எண்டு வைச்சது நான்தான்."

"எல்லாத்துக்கும் ஓம் எண்டால் இப்பிடித்தான்" என்றார் பொறுப்பாளர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

நான் சித்தியடைந்தேன். ரீச்சர் நிரலைத் திருத்திக்கொண்டு அடுத்த முறை வர வேண்டும், அதுவரை திட்டம் வெளியே போகாது என்று முடிவு வந்தது.

வெளியே வந்து சைக்கிள்களை எடுக்கும்போது ரீச்சர் கேட்டார்.

"கேள்வியை மேலை ஏத்தினது நீங்கள்தானே?"

"நேரம் காணாமல் போச்சு, ரீச்சர். சொல்ல ஏலாமல் போச்சு."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த ஏச்சு வரவில்லை. சைக்கிள் கரியரில் கையேட்டைக் கட்டிவிட்டுத் திரும்பினார்.

"திருத்திறது பெரிய வேலையில்லை. ஆனால் முழுக்கத் திருப்பி ஓட்டிப் பாக்க வேணும். வாசிக்க ஒரு ஆள் வேணும், சீமெந்தார். இனி எனக்கு இஞ்சை அடிக்கடி வரச் சீவன் இல்லை. மட்டுவிலுக்கு ஞாயிற்றுக்கிழமையிலை வாறியளோ?"

"வாறன்" என்றேன்.

நான் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை. பயிற்றுநர் வேலை எனக்குக் கிடைத்தது. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கம் ரீச்சர் மேல் கோபமாக மாறியது: எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லி என்னை அவமானப்படுத்தியிருக்கலாமே, ஏன் விட்டார்? என்னைக் கடனாளியாக்கவா? என் வாழ்க்கையில் எனக்குக் கெடுதல் செய்தவர்கள் மேல் கோபம் வைத்திருக்கிறேன். நன்மை செய்த ஒருவர் மேல் வைத்த கோபம் இது ஒன்றுதான். இதுவே மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமையாக இருந்தது.

மறுபரீட்சைக்காரருக்குக் கணினி நேரம் ஒதுக்கும் அட்டவணையைப் போட்டவன் நான். நான் இல்லாத நாட்களாகப் பார்த்து ரீச்சருக்கு ஒதுக்கினேன். ஒரே ஒரு முறை, நான் மறந்துபோன ஒரு சாமானை எடுக்க வந்தபோது, கொட்டிலில் எதிரே வந்துவிட்டார். இன்னும் மெலிந்திருந்தார்.

"என்ன சீமெந்தார், மட்டுவிலுக்கு வழி மறந்துபோச்சோ?"

"வேலை கூட, ரீச்சர்."

"ஓமோம், தெரியுது. புது வேலை. சேட்டும் புதுசு." சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. "ஆறுதலா வாங்கோ. நான் எங்கையும் போகேல்லை."

அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து, மறுபரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, சாரம் மடித்துக் கட்டிய மனிதர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

செத்த வீட்டுக்குப் போனேன். படலைக்கு வெளியே மற்றச் சைக்கிள்களோடு நின்றேன். அவரிடம் படித்த பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய் வந்தார்கள். பறை முழங்கி ஊர்வலம் புறப்பட்டபோது நான் எதிர்த்திசையில் சைக்கிளைத் திருப்பினேன். உள்ளே போய் முகம் பார்க்கவில்லை.

மறுபரீட்சை அன்று அதே பரீட்சகர் வந்திருந்தார். பெயர்ப்பட்டியலை வாசித்துக்கொண்டு போனவர் ரீச்சரின் பெயரில் நிமிர்ந்து பார்த்தார். விடயத்தைச் சொன்னேன். அடுத்த பெயருக்குப் போகலாம் என்றார் பொறுப்பாளர். ரீச்சருக்கு ஒதுக்கிய அரை மணி நேரத்தைத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் திருத்தி முடித்த வட்டு அலுமாரியில் இருந்தது. அதே பெண்ணைக் கூப்பிட்டு, அதே கொப்பியைக் கொடுத்தேன். கேள்வி தன் பழைய இடத்துக்கு வந்திருந்தது. ஓம் அப்படியே இருந்தது. அதை ரீச்சர் மாற்றவில்லை. மாற்றத் தேவையும் இருக்கவில்லை.

பதினெட்டுப் பேரும் திரையில் வந்தார்கள்.

"நல்லாத்தானே வேலை செய்யுது" என்றார் பரீட்சகர். "ஆனால் பதில் சொல்ல ஆள் இல்லையே."

அப்போது சொன்னேன். மேலே எழுதிய அனைத்தையும், இதே ஒழுங்கில்.

"இப்ப இதை ஏன் கிளறுறியள்? போனவவுக்கு டிப்ளோமா என்னத்துக்கு?" என்றார் பொறுப்பாளர். பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அண்டைக்கு நான் ஒழுங்கைப் பற்றியும் கேட்டிருக்க வேணும்" என்று மட்டும் சொன்னார். நான் கோபத்தை விட்டுவிட்டவர்களில் அவர் முதலாமவர். பயிற்றுநர் என்ற முறையில் பெறுபேற்றுத் தாளை நிரப்ப வேண்டியவன் நான். யோகாம்பிகை வைத்திலிங்கம் என்ற பெயருக்கு எதிரே, சமுகமளிக்கவில்லை என்று என் கையால் எழுதினேன். நான் சித்தியடைந்த பெறுபேற்றை நீக்கும்படி ஒரு கடிதம் கொடுத்தேன். இதை எழுதும் வரை பதில் இல்லை.

விதி என்னவாயினும், அன்று அச்சடித்த பட்டியலை மறுநாளே இரத்த வங்கியில் கொடுத்தேன். வகைப்படி ஒழுங்கு செய்தது, ஊரில் உள்ளவர்கள் மட்டும். முதல் தாளின் மேல் ரீச்சரின் பெயரை எழுதியிருந்தேன். என் பெயர் அதில் இல்லை.

அதன் பிறகுதான் மட்டுவிலுக்குப் போனேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாக்கியம் அவர்கள் விறாந்தையில் கதிரை போட்டு இருக்கச் சொன்னார். நான் யாரென்று சொல்லி, செய்ததையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். அக்கா உங்களுக்குச் சொன்னவவோ என்று கேட்டேன்.

"இல்லை. அக்கா ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அப்ப சீமெந்தார் எண்டுறது நீங்களே?"

"ஓம்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"சோதினைக்கு ஆயத்தப்படுத்தத் தொடங்கின நாள், நான் குசினிக்குள்ளை நிக்கிறன். விறாந்தையிலை ரெண்டு பேர் கதைக்கிற சத்தம். ஒரு ஆம்பிளைக் குரல், கரகரத்த குரல், கேள்வி கேக்குது. அக்கா பதில் சொல்லுறா. ஆரோ வந்திருக்கினம் எண்டு பிளேன்ரீ ரெண்டு போட்டு, பனங்கட்டியும் வைச்சுக் கொண்டு வாறன். பாத்தால் அக்கா தனிய இருக்கிறா. முன்னாலை ஒரு வெறுங் கதிரை. தானே கேட்டு, தானே எழும்பி நிண்டு பதில் சொல்லுறா. எனக்கு அந்தரமாப் போச்சு. ஒரு கப்பைத் திருப்பிக் கொண்டுபோக வெளிக்கிட்டன். அக்கா சொன்னா, 'வைச்சிட்டுப் போ பிள்ளை. ஆள் இன்னும் வரேல்லை' எண்டு."

"அதுக்குப் பிறகு?"

"பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரெண்டு கப் போட்டனான்."

ரீச்சர், உங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அன்று நான் எழும்ப நேரமெடுத்தது. உங்களைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வாசிக்கும் இந்தத் தாளில், உங்களிடம் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்விக்கு நான் பதில் எழுதிவிட்டேன்: ஒழுங்கை மாற்றியவன் நான். பிழை என்னுடையது. உங்கள் நிரல் சரி.

இனி நீங்கள் எழும்பி நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. இருங்கள், ரீச்சர். மூச்சு வாங்காமல் ஆறுதலாக இருங்கள்.